வெல்டிங் வருது

கென்யாவின் கினாங்கோப் மேட்டில் ஓடும் வேன்களுக்கெல்லாம் முன்கண்ணாடியின் நெற்றியில் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். ஒருவன் ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்று ஒட்டியிருப்பான். அவன் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அது தேவைதான். இன்னொருவன் ‘மாமியாருக்கு நன்றி’ என்று ஒட்டியிருப்பான்; பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வாஹோமேயின் வேன் மட்டும் பல வருடங்களாகப் பெயரில்லாமல் ஓடியது. கேட்பவர்களிடம், “வண்டிக்குப் பேரை ஊருதான் வைக்கணும். நாமளே வச்சுக்கிட்டா அது விளம்பரம்” என்பார்.

ஊரும் ஒரு பெயர் வைத்தது. அவரும் அதை ஆசை ஆசையாகச் சிவப்பு எழுத்தில் வெட்டி ஒட்டிக்கொண்டார்.

வாஹோமே அலட்டல் பேர்வழி இல்லை. வேன் கதவில் தொங்கிப் பிழைப்பைத் தொடங்கியவர். வாலிபத்தில் கண்டக்டராக, மழையிலும் ஜூலைக் குளிர்காலப் பனியிலும் படியில் நின்று “ஞாபினி, ஞாபினி” என்று போகும் ஊரின் பெயரைக் கத்தியே தொண்டை கரகரத்துப்போனது. அந்தக் கரகரப்பு இன்றும் போகவில்லை. பிறகு அடுத்தவன் வண்டிக்கு டிரைவர். அதற்கும் பிறகு, அப்பா விட்டுப்போன உருளைக்கிழங்கு நிலத்தில் பாதியை விற்றுச் சொந்தமாக ஒரு வேன். “மண்ணை வித்து டயரு வாங்கினவன்” என்று சொந்தக்காரர்கள் வாய் வலிக்கும் வரை பேசினார்கள். அவர் பதில் பேசவில்லை, ஓட்டிக் காட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைத் தாண்டி முடிக்கும் வரை வண்டியை நிறுத்திவைப்பார். தண்ணீர் ஏற்றிய கழுதை வண்டி எதிரே வந்தால் தார் விட்டு இறங்கி வழிவிடுவார். அவர் ஓட்டிய காலமெல்லாம் அவரால் ஒரு கோழிகூடச் செத்ததில்லை. “வாஹோமே வண்டியா? அப்ப தூங்கிக்கிட்டே போகலாம்” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதி நிலம் போனவருக்கு அந்தப் பேச்சுதான் மீதிச் சொத்து.

அந்தப் பேச்சை ஒரு ஜோடி பல்பு தின்றுவிட்டது.

மேட்டில் விடியலுக்கு முன்பே ஆட்கள் நைரோபிக்குக் கிளம்பிவிடுவார்கள். நிறுத்தத்தில் கம்பளித் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக நின்று, பனிக்குள் என்ன வெளிச்சம் வருகிறது என்று பார்ப்பார்கள். வெள்ளையாக வந்தால் புது வண்டி. மஞ்சளாக வந்தால் பழைய வண்டி.

“மஞ்ச வருது. இருங்க, அடுத்தது பாப்போம்.”

வாஹோமேயின் விளக்கு மஞ்சள்தான். இதைக் காதாரக் கேட்டுவிட்டு, காலி சீட்டோடு கடந்துபோக வேண்டும். கண்டக்டர் முனேனேவுக்கு ஆத்திரம் தாங்காது. “லைட்டைப் பாத்தே வயசைச் சொல்றானுங்கண்ணே, மாட்டுப் பல்லைப் பாக்குற மாதிரி. நாமளும் பல்லு கட்டிக்கலாம்.”

அப்படித்தான் நைரோபியில் உதிரிபாகக் கடைத் தெருவில் போய் நின்றார்கள். ஒயரிங்காரர் பழைய ஹாலஜன் பல்புகளைக் கழற்றிக் கையில் கொடுத்தார். புது எல்.இ.டி. பல்பின் முதுகில் ஒரு குட்டி ஃபேன் இருந்தது. அது உள்ளே போக இடமில்லை. ரப்பர் மூடியைக் கத்தியால் வட்டமாக அறுத்தார். கிளிப் பிடிக்கவில்லை, அதைக் குறடால் வளைத்து, பல்பைத் திருகி, கட்டைவிரலால் அழுத்தினார்.

“உக்காந்துடுச்சா?” என்று வாஹோமே கேட்டார்.

“உக்காந்துடுச்சு. லேசாத் தலையைச் சாய்ச்சிருக்கு, அவ்வளவுதான். வெளிச்சம் வருதுல்ல, அப்புறம் என்ன?”

வெளிச்சம் வந்தது. எதிர்க்கடைச் சுவர் அப்போதுதான் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. அந்தக் கடைக்காரர் ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, “ஐயா, நான் குத்தம் எதுவும் செய்யலைங்க!” என்று கத்தினார். தெருவே சிரித்தது. வாஹோமேயும் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். பழைய பல்புகளை ஒரு காலுறைக்குள் போட்டு, டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்தார்.

மறுநாளிலிருந்து நிறுத்தத்தில் யாரும் அவரை விட்டுவிட்டு நிற்கவில்லை. ஆனால் எதிரே வருகிற வண்டிகள் விசித்திரமாக நடந்துகொண்டன.

மேட்டு டிரைவர்களுக்கு விளக்கே வாய். ஒரு முறை சிமிட்டினால் வணக்கம். இரண்டு முறை என்றால் முன்னால் போலீஸ் நிற்கிறது. விடாமல் அடித்தால், ‘உன் லைட்டைத் தாழ்த்துடா’ என்று அர்த்தம். புது பல்பு போட்ட நாளிலிருந்து எதிரே வந்த லாரி, பால் வண்டி, மோட்டார் சைக்கிள் எல்லாமே அவரைப் பார்த்து அடித்தன. வாஹோமே எப்போதும் டிம்மில்தான் போவார். டிம்மில் போகிறவனிடம் தாழ்த்தச் சொல்லி யார் கேட்பார்கள்? ஆகவே அந்த அர்த்தம் அவர் பக்கமே வரவில்லை. மிஞ்சியது இரண்டு. ஒன்று வணக்கம், இல்லையென்றால் போலீஸ்.

சீட்டுக்கு நடுவே பலகை போட்டுக் கூடுதலாக மூன்று பேரை உட்காரவைப்பது இங்கே எல்லா வண்டியிலும் உண்டு. போலீஸ் நிற்கிறது என்று தெரிந்தால் அந்த மூன்று பேரும் இறங்கி, போலீஸைத் தாண்டி நடந்துபோய், மறுபடி ஏறிக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு லாரிக்காரன் பளிச் பளிச்சென்று அடித்துவிட்டுப் போனதும், வாஹோமே வண்டியை ஓரங்கட்டினார்.

“பலகையில இருக்கவங்க இறங்குங்க. முன்னாடி போலீஸ்.”

கோழிக் கூடையோடு பலகையில் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு விருப்பமே இல்லை. “இந்தக் குளிருலயா? யாரு சொன்னா போலீஸுன்னு?”

“எதிர்ல போறவன் சொல்றான்மா. அடிச்சான் பாருங்க.”

அவள் கோழிகளோடு பனிக்குள் நடந்தாள். வளைவு தாண்டியது. பாலமும் தாண்டியது. போலீஸும் இல்லை, போலீஸின் தொப்பியும் இல்லை. மூச்சிரைக்க ஏறியவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “எங்கப்பா போலீஸு? பனிக்குள்ள புதைஞ்சு கிடக்காரா?”

அதே வாரம் இன்னும் இரண்டு முறை இப்படி நடந்தது. முனேனே தலையைச் சொறிந்தான். “அண்ணே, எல்லா வண்டியும் அடிக்குதே. இந்த மேட்டுல அவ்வளவு போலீஸுக்குப் படுக்க இடம் இருக்கா?”

“அப்ப அது வணக்கம்டா. வண்டி இப்ப கண்ணுல படுது, அதான் வணக்கம் வைக்கிறானுங்க.”

அன்றிலிருந்து, எதிரே விளக்கு அடித்த எல்லோருக்கும் வாஹோமே கை தூக்கிப் பதில் வணக்கம் வைத்தார்.

பனியும் அந்த வருடம் அதிகமாக இருப்பதுபோல் அவருக்குப் பட்டது. விளக்கைப் போட்டால் முன்னால் பால்சுவர் எழுந்ததுபோல் நின்றது. “இந்த ஜூலை மாதிரி பனி நான் பார்த்ததில்லை” என்று டீக்கடையில் சொல்வார். மண்டாசிப் பலகாரத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவர்கள், போன ஜூலையும் இதே மாதிரிதானே இருந்தது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நிறுத்தத்தில் அந்தப் பெயர் காதில் விழுந்தது. அவர் வெளிச்சம் வளைவில் தெரிந்ததுமே யாரோ கத்தினார்கள்: “வெல்டிங் வருது! வெல்டிங் வருது!”

வெல்டிங் பட்டறையில் பறக்கிற நெருப்பு மாதிரி, அவ்வளவு பிரகாசம். வாஹோமேவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. ஊர் வைத்த பெயர். ஸ்டிக்கர்க்காரரிடம் போய்ப் பெரிய எழுத்தில் வெட்டச் சொன்னார். அவர் ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டே, “நெஜமாவா கேக்குறீங்க?” என்றார்.

“ஊரு வச்ச பேருய்யா. வெட்டு.”

வெட்டினார். கண்ணாடியின் நெற்றியில், வெளிப்பக்கம், ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ‘வெல்டிங்’ வந்து உட்கார்ந்தது.

முதூரி, வாஹோமேயின் மனைவி வைரிமுவுக்குத் தம்பி. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன் வீடு வீடாகப் பால் எடுத்துச் சங்கத்தில் கொண்டுபோய் ஊற்றுவது அவன் வேலை. அதற்கு முன்னால் அவன் குடிகாரன். சாதாரணக் குடியில்லை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைக்கூட விற்றுக் குடித்தவன். ஒரு நாள் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று, இனித் தொடமாட்டேன் என்றான். யாரும் நம்பவில்லை. இரண்டு மழைக்காலம் தாண்டியும் தொடவில்லை. அதன் பிறகுதான் பால் சங்கம் அவன் கையில் கேன்களைக் கொடுத்தது. கேன் கைக்கு வந்த நாளிலிருந்து அவன் நடையே மாறியது. ஊர்ப் பாலைச் சுமக்கிறவனுக்குத் தலை தானாக நிமிரும்.

தினமும் விடியலில், சைப்ரஸ் மரங்கள் நிற்கிற வளைவில் இருவரும் எதிரெதிரே வருவார்கள். முதூரி தன் ஒற்றை விளக்கை அடிப்பான். மூன்று முறை, நான்கு முறை. “என் மச்சானுக்குப் பாசம் ஜாஸ்தி” என்று முனேனேயிடம் சொல்லிக்கொண்டே வாஹோமே கை தூக்குவார்.

அன்றும் அடித்தான். அன்றும் இவர் கை தூக்கினார். கை இறங்குவதற்குள் பின்னால் தகரம் உருளும் சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடினார். மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் மல்லாந்து கிடந்தது. முதூரி சேற்றில் உட்கார்ந்திருந்தான். மேலெல்லாம் பால். ஒரு மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. இன்னொரு கையை முகத்துக்கு முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்தான்.

“கண்ணு தெரியல. மாமா, கண்ணு தெரியல.”

இந்த மேட்டில் அந்த வார்த்தைக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருக்கிறது. போன வருடம் கீழ்ச் சந்தையில் கெட்ட சாராயம் குடித்த சிலர், பட்டப்பகலில் “ஏன்டா விளக்கை அணைச்சீங்க, போடுங்கடா” என்று கத்தினார்கள். அதில் பாதிப்பேர் செத்தார்கள்; மிச்சப்பேரைப் பிள்ளைகள் கைபிடித்துக் கூட்டிப்போகிறார்கள். அன்றிலிருந்து ‘கண்ணு தெரியல’ என்று ஒருவன் சொன்னால் ஊர் அவன் கண்ணைப் பார்க்காது. வாயைத்தான் மோந்துபார்க்கும்.

வேனிலிருந்து இறங்கி வந்த பயணிகள் வட்டமாக நின்றார்கள். “ஐயோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டானா?” என்றாள் ஒருத்தி.

“நாத்தம் வரலையே?” என்றது இன்னொரு குரல்.

“இத்தனை பால் கொட்டிக் கிடக்கு, சாராய நாத்தம் எங்கருந்து தெரியும்?”

சிறிது நேரத்தில் முதூரிக்குப் பார்வை திரும்பியது. அதற்கும் பதில் தயாராக இருந்தது: கொஞ்சமாகத்தான் குடித்திருக்கிறான், தப்பித்தான்.

வாஹோமே பொய் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பிற்பாடு அவரைத் தூங்கவிடாமல் அடித்தது. யார் கேட்டாலும், “கண்ணு தெரியலன்னுதான் சொன்னான்” என்பார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். மச்சான் மேல் உள்ள பரிதாபத்தில் விட்ட மூச்சுதான் அது. மிச்சத்தை எல்லாம் அந்த மூச்சு சொல்லிவிட்டது. தூங்கிக்கிட்டே போகலாம் என்று பெயர் எடுத்த டிரைவர் சொன்னால் அதற்கு மேல் சாட்சி எதற்கு?

சங்கம் முதூரியிடமிருந்து கேன்களை வாங்கி வைத்தது. வைரிமு தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. சோளமும் அவரையும் வெந்துகொண்டிருந்த பானையைக் கிளறியபடியே மூக்கைச் சிந்தினாள். “லைட்டு, லைட்டுங்கறான். எல்லாருக்கும்தான் எதிர்ல லைட் வருது. இவன் மட்டும் ஏன் விழணும்?” என்றாள். வாஹோமே தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை, பால் ஊற்றி முடிந்ததும் சங்கக் கொட்டகையில் விசாரணை என்று தலைவி கெசியா சொல்லியனுப்பினாள். சம்பவத்தைப் பார்த்தவர் என்பதால் வாஹோமேயும் வரவேண்டும். அவர் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு. குடித்தான் என்று ஆகிவிட்டால் பால் வேலை போகும். வேலை போனால் வேறு தேடலாம். இரண்டு மழைக்காலம் கட்டிக்காத்த பெயரை எங்கே போய்த் தேடுவான்?

அன்று வேனை முனேனே கையில் கொடுத்திருந்தார். அவனுக்கும் லைசென்ஸ் உண்டு. வாஹோமேயும் வைரிமுவும் தங்கள் மாட்டுப் பாலை ஒரு கேனில் எடுத்துக்கொண்டு சாலையோரமாக நடந்தார்கள். இருட்டு இன்னும் போகவில்லை. பனி முகத்தில் ஒட்டியது. வழியெல்லாம் அவர், தான் சொல்லப்போவதை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மச்சான் மேல் இரக்கம் வரும்படியும் சொல்ல வேண்டும், உண்மையும் கெடக் கூடாது.

வளைவுக்குப் பக்கத்தில் வரும்போது முன்னால் பனி திடீரென்று வெளுத்தது.

முதலில் விடிந்துவிட்டதோ என்று நினைத்தார். அடுத்த நொடி அந்த வெள்ளை அப்படியே முகத்தில் வந்து அறைந்தது. சாலை இல்லை, மரம் இல்லை, பக்கத்தில் வந்த மனைவி இல்லை. கையைத் தூக்கி மறைத்தார், கையும் தெரியவில்லை. ஒதுங்குவதற்கு எந்தப் பக்கம் ஓரம் என்று புரியவில்லை. எடுத்துவைத்த கால் எதையும் தொடாமல் இறங்கியது. பள்ளத்தில் இடுப்பளவு ஈரப் புல்லில் விழுந்தார். கேன் எங்கோ உருண்டது. மூடி தெறித்துப் பால் அவர் தொடையில் வெதுவெதுப்பாகக் கொட்டியது. தலைக்கு மேலே இன்ஜின் சத்தம் கடந்துபோனது. அந்தக் கிடுகிடுப்பை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்லுவார். அவருடைய வண்டி.

முனேனே ஹாரன்கூட அடிக்கவில்லை. அவன் இவர்களைப் பார்த்திருந்தால்தானே.

“கதோனி அப்பா!” வைரிமுவின் குரல் மேலே எங்கோ நடுங்கியது. மகள் பெயரைச் சொல்லித்தான் அவள் அவரைக் கூப்பிடுவாள். “கதோனி அப்பா, எங்க இருக்கீங்க?”

“இங்கதான். பள்ளத்துல.”

“எந்தப் பக்கம்? எனக்குக் கண்ணு தெரியல.”

சொல்லிவிட்டு அவள் அப்படியே நின்றுவிட்டாள். அவரும் பள்ளத்தில் அசையவில்லை. அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவே பனிபோல் தொங்கியது. கண்ணுக்குள் பச்சையும் ஊதாவுமாக வட்டங்கள் மிதந்தன. அவை கரைந்து, புல்லும் கல்லும் ஒவ்வொன்றாகத் திரும்பி வர வெகுநேரம் ஆனது. மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்கு அவ்வளவு நேரம் எங்கே கிடைக்கும்?

வைரிமு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவன் வாயை மோந்து பாத்தேன்” என்றாள். “வாயைத் திறடான்னு தாடையைப் பிடிச்சு, என் தம்பி வாயை மோந்து பாத்தேன். அவன் திறந்து காட்டினான்.”

வாஹோமே பள்ளத்திலிருந்து கையூன்றி ஏறினார். மூன்று முறை, நான்கு முறை அடித்த அந்த ஒற்றை விளக்குதான் நினைவுக்கு வந்தது. அதற்குத் தான் தூக்கிய கையும் நினைவுக்கு வந்தது. லாரிக்காரர்கள், கோழிக் கூடைக்காரி, ஸ்டிக்கர்க்காரரின் அந்தச் சிரிப்பு எல்லாம் வரிசையாக வந்து முகத்தில் துப்பிவிட்டுப் போயின. குளிரில் காது மடல் மட்டும் தீயாக எரிந்தது.

கொட்டகைக்குப் போனபோது பெண்கள் சாலையோரமாக வரிசையில் கேன்களோடு நின்றார்கள். கெசியா பாலின் தரம் பார்க்கும் மானியை மிதக்கவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதூரி ஒரு கவிழ்த்த கேன் மேல் உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் கட்டு. அக்காவையும் மாமாவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“என்ன வாஹோமே, பால்ல குளிச்சிட்டு வர்றீங்க?” என்று கெசியா கேட்டாள். “கேன் காலியா இருக்கு?”

“விழுந்துட்டேன்.”

“நீங்களுமா?” வரிசையில் யாரோ சிரித்தார்கள். “குடும்பமே ஒரே கடையிலதான் குடிக்குது போல!”

முதூரியின் கழுத்து இன்னும் தாழ்ந்தது.

கடைசிக் கேனும் அளந்து முடிந்தது. கெசியா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். “சரி. சுருக்கமாச் சொல்லுங்க, எனக்கு மாடு காத்துக்கிட்டு இருக்கு. தூக்கும்போது இவன் என்ன சொன்னான்?”

“கண்ணு தெரியலன்னு சொன்னான்.”

“அதுதான் ஊருக்கே தெரியுமே. அதுக்கு மேல?”

வாஹோமே வாயைத் திறந்தார். அதே நேரம் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் கத்தினாள்:

“வெல்டிங் வருது!”

கீழே போன வேன் ஆள் ஏற்றிக்கொண்டு மேலே திரும்பி வந்துகொண்டிருந்தது. பனிக்குள் அந்த வெள்ளை வீங்கியது. அத்தனை பெண்களும் ஒரே மாதிரி, யாரும் சொல்லாமலே, சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துச் சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் முகத்தை உள்ளங்கையால் மூடினாள். கெசியா பேச்சை நிறுத்தாமலேயே தலையைத் திருப்பிக்கொண்டாள். மழைக்கு முதுகு காட்டி நிற்கிற மாடுகளைப்போல எல்லோரும் நின்றார்கள். திட்டக்கூட இல்லை. பழகிப்போயிருந்தது. வாஹோமே ஒருவர் மட்டும் நேரே பார்த்துக்கொண்டு நின்றார், கண்ணில் நீர் வழிய.

வேன் நின்றது. விளக்கு அணைந்தது. பெண்கள் சால்வையை இறக்கி, விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள்.

“அது என் வண்டி” என்றார் வாஹோமே.

“தெரியும்” என்றாள் கெசியா. “எழுதியே ஒட்டியிருக்கீங்களே.”

இந்த முறை பெரிய சிரிப்பு எழுந்தது. அது அடங்கும் வரை வாஹோமே காத்திருந்தார்.

“இவன் குடிக்கல” என்றார். “என் லைட்டுதான். இப்ப வர்ற வழியில நானே அதுல விழுந்தேன். என் வீட்டுக்காரியும் கண்ணு தெரியலன்னு கத்துனா. அவ வாயை வேணும்னா மோந்து பாத்துக்கங்க.”

யாரும் சிரிக்கவில்லை. வைரிமு தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெசியா முதூரி பக்கம் திரும்பினாள்.

“ஏன்டா, இதை நீ சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே” என்றான் முதூரி. சத்தமில்லாமல், ஒரு கணக்கை ஒப்பிப்பதுபோல் பேசினான். “அக்காகிட்ட சொன்னேன். டாக்டர்கிட்ட சொன்னேன். அதுக்கு முன்னாடி தினமும் மாமாகிட்டயே சொன்னேன். லைட்டைத் தாழ்த்துங்க, தாழ்த்துங்கன்னு விளக்கு அடிச்சுக்கிட்டே வருவேன்.” இப்போதுதான் நிமிர்ந்து வாஹோமேயைப் பார்த்தான். “நீங்க கை ஆட்டிட்டுப் போவீங்க.”

வாஹோமேயின் கைகளில் எதுவும் இல்லை. அவற்றை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் ஜாக்கெட் பைக்குள் திணித்தார்.

“திங்கக்கிழமையிலருந்து கேனை எடுத்துக்கோ” என்றாள் கெசியா. “கை சரியாகுற வரைக்கும் பின்னாடி ஒரு ஆளை உக்கார வச்சுக்கோ.” பிறகு வாஹோமேயிடம், “நீங்க அந்தக் கண்றாவியைக் கழட்டுங்க” என்றாள். அவ்வளவுதான் விசாரணை.

அங்கேயே, கொட்டகை வாசலிலேயே கழற்றினார். அறுத்த ரப்பரைப் பிடுங்கி, வளைந்த கிளிப்பை நிமிர்த்தி, எல்.இ.டி.யை உருவினார். அது இன்னும் சுட்டது. காலுறையிலிருந்து பழைய பல்பை எடுத்து, கண்ணாடியில் விரல் படாமல் சட்டை நுனியால் பிடித்து உள்ளே வைத்தார். பல்பு விளிம்பின் மூன்று காதுகளையும் துழாவிப் பொருத்தினார். மற்ற விளக்குக்கும் அப்படியே செய்தார். பயணிகள் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள். பால்காரப் பெண்கள் போகாமல் நின்று பார்த்தார்கள்.

“இதை வித்துடலாம்ணே” என்றான் முனேனே, கழற்றியதைக் கையில் வாங்கி. “புதுசு மாதிரியே இருக்கு. எவனாவது வாங்குவான்.”

“எவன் வாங்குவான்?”

“எவனாவதுண்ணே.”

“அவன் எந்த ரோட்டுல போவான்?”

முனேனே திருப்பிக் கொடுத்தான். வாஹோமே அவற்றைக் கல்லின் மேல் வைத்து ஸ்பேனரால் அடித்தார். நிமிர்ந்து பார்த்தபோது முதூரி போய்விட்டிருந்தான். வைரிமு காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாள். அவன் மெதுவாகவும் நடக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகத் தம்பி வீட்டுக்குப் போனாள். “நானும் வரவா?” என்று கேட்டதற்கு, “அவன் கூப்பிடல” என்றாள். வரும்போது கண் வீங்கியிருந்தது.

ஸ்டிக்கரை அவரே சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தார். சிவப்பு போய்விட்டது. பசையின் தடம் போகவில்லை. வெயிலில் ஒன்றும் தெரியாது. பனி படிந்தால்தான் எழுத்து எழுத்தாகப் பூத்து வரும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் பார்த்தார். மறுநாள் விடியலில் மறுபடியும் பூத்தது.

நிறுத்தத்தில் இப்போது, “மஞ்ச வருது, அடுத்தது பாப்போம்” என்கிறார்கள். காலி சீட்டோடு கடந்துபோகிறார். எதிரே வருகிற லாரிகள் எதுவும் அடிப்பதில்லை.

சைப்ரஸ் வளைவில் முதூரி வருகிறான், இரண்டு பக்கமும் கேனோடு. அந்த ஒற்றை விளக்கு தூரத்தில் தெரிந்ததுமே வாஹோமே வேகத்தைக் குறைத்து ஓரமாக ஒதுங்குகிறார். ஒரே ஒரு முறை சிமிட்டுவானா என்று பார்க்கிறார். முதூரி சாலையைப் பார்த்தபடி நேராகக் கடந்துபோகிறான். அடிப்பதற்கு அவனுக்கு இனி ஒரு காரணமும் இல்லை.

முதல் நாள், பழக்கதோஷத்தில் வாஹோமேயின் கை பாதி வரை எழுந்துவிட்டது. முனேனே பார்த்துவிடுவானே என்று, அதை வைப்பர் சுவிட்சுக்குக் கொண்டுபோனார். வைப்பர் கிறீச்சிட்டுக்கொண்டே கீழ்க் கண்ணாடியைத் துடைத்தது. அந்த எழுத்துக்கள் இருந்த உயரத்துக்கு அது எட்டவில்லை.